என் விரலுக்கு மட்டும் திறந்த பெட்டி

அந்த லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்ததே நான்தான். அதனால் பின்னால் வந்த எதற்கும் யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லாமல் போனது.

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் டவுன் ஆபீஸில் ஆர்டரும் கணக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு விருதுநகரில், தினமும் பஸ். முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் மதுரையிலிருந்து ஒரு விற்பனைக்காரர் இரண்டு லேப்டாப்புகளைக் கொண்டுவந்து அவர் மேஜைமேல் வைத்தார். ஒன்று வெள்ளி நிறத்தில் நகைப்பெட்டி போல மினுமினுத்தது. இன்னொன்று கறுப்பு. அதில் அழகு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. விலை மட்டும் முதலாவதைப் போல இரண்டு பங்கு. பெரிய பெரிய கம்பெனி அதிகாரிகளுக்கென்றே செய்தது என்றார் வந்தவர்.

"ஏத்தா, நீதான வச்சு மாரடிக்கப் போற. எது தேறும்னு பாத்துச் சொல்லு," என்றார் அண்ணாச்சி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை என்னிடம் யாரும் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டதில்லை. பெண் பார்க்கப் போன மாமியார் போல இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளி லேப்டாப்பின் திரையில் என் முகமும் எனக்குப் பின்னால் இருந்த டியூப்லைட்டும் தெரிந்தன, எழுத்து தெரியவில்லை. கறுப்பில் திரை மங்கல்தான், ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்தாலும் கணக்கைப் படிக்கலாம். விசைகள் அழுத்தினால் உள்ளே போய், அழுத்திவிட்டாய் என்று விரலுக்குச் சொல்லிவிட்டு மேலே வந்தன. விற்பனைக்காரர் விசைகளின்மேல் அரை டம்ளர் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். அது அடியிலிருந்த ஓட்டை வழியே மேஜைக்கு வந்ததே தவிர, பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மூடியை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கியும் முறுக்கியும் காட்டினார். கீல் 'கிர்' என்றுகூடச் சொல்லவில்லை. பெரிய பேட்டரி. கரண்ட் போனாலும் அரைநாள் தாங்கும் என்றார்.

குறைகளையும் பார்க்காமல் இல்லை. கனம். சார்ஜர் தனியாக ஒரு செங்கல். மடியில் வைத்தால் தொடை சுடும். பாட்டுக் கேட்டால் தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல இருக்கும். ஆனால் நான் பாட்டுக் கேட்கவா வாங்குகிறார்கள்? "கருப்பே வாங்குங்க அண்ணாச்சி, லேசுல ரிப்பேர் ஆகாது," என்று சொன்னேன். ஆப்பைப் பிடுங்கிய குரங்கும் அப்படி ஒரு பெருமையோடுதான் பிடுங்கியிருக்கும்.

அதில் விசைகளுக்குக் கீழே மெல்லிய கோடுபோல ஒன்று இருந்தது. விரலை அதன்மேல் தேய்த்தால் பெட்டி திறக்கும். அண்ணாச்சிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பட்டாசுத் தொழிலில் அச்சடித்த விலைப்பட்டியலில் இருப்பது ஒரு விலை, சரக்கு வாங்கும் பார்ட்டிக்குக் கொடுப்பது வேறு விலை. அந்த வேறு விலையும் பார்ட்டிக்குப் பார்ட்டி மாறும். எந்தப் பார்ட்டிக்கு எந்த விலை என்பதுதான் கம்பெனியின் உயிர். அது பக்கத்துக் கம்பெனிக்கும் தெரியக்கூடாது, தொழிலில் கூட்டாளியாக இருந்த சொந்தத் தம்பிக்கும் தெரியக்கூடாது.

"பாஸ்வேர்டு வாய் வழியா வெளிய போயிரும். வெரல் எங்க போகும்?" என்றார்.

ஆனால் அவர் விரலைப் பெட்டி ஏற்கவில்லை. வாலிபத்தில் அவரும் ஆலையில் வெடிக்குள் மருந்து செலுத்தும் வேலை பார்த்தவர்தான். ஒரு விபத்தில் இரண்டு கை விரல்களும் வெந்து, நுனிகள் ரேகையில்லாமல் வழவழவென்று ஆகியிருந்தன. பத்து விரலையும் தேய்த்துப் பார்த்தார். பத்துக்கும் சிவப்பு எழுத்தில் மறுப்பு வந்தது. "வெடி தின்னுருச்சுத்தா," என்று சிரித்துவிட்டு, என் விரலை வைக்கச் சொன்னார். முதல் தேய்ப்பிலேயே பச்சை வந்தது. அவசரத்துக்கு என்று ஒரு பாஸ்வேர்டும் வேண்டும் என்று விற்பனைக்காரர் சொன்னதால், எங்களை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு அண்ணாச்சியே ஏதோ ஒன்றை ஒற்றை விரலால் தட்டினார். டீ வந்து குடித்து முடிப்பதற்குள் அது அவருக்கே மறந்துபோனது; பழையது தெரியாமல் புதிதும் போட முடியாது. ஆக, அந்தப் பெட்டியைத் திறக்க உலகத்தில் ஒரே ஒரு சாவிதான். அது என் கையில் முளைத்திருந்தது.

முதல் சில மாதங்கள் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓய்வுபெற்ற வாத்தியாரான என் அப்பா, பால்காரர் உட்பட எல்லோருக்கும் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று அண்ணாச்சி சொன்னதை நான் சலுகை என்று எடுத்துக்கொண்டேன். ஆபீஸ்தான் என்னோடு வீட்டுக்கு வர ஆரம்பித்திருக்கிறது என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறைத்தது.

பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்கள், உட்கார்ந்திருப்பவர் மடியில் தங்கள் பையைக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முன்பின் தெரியாதவர்கள்கூடக் கேட்காமலே கை நீட்டி வாங்கிக்கொள்வார்கள். லேப்டாப் பை தோளுக்கு வந்த பிறகு நான் அதை யாரிடமும் கொடுக்கவில்லை. "குடுத்தா, தின்னவா போறேன்," என்று ஒரு அம்மா கோபித்துக்கொண்டார். தோள்பட்டை இற்றுப்போக, கம்பியைப் பிடித்துக்கொண்டு, திருத்தங்கல் தாண்டும்வரை அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றேன்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். அம்மா பொங்கல் வைத்தாள், மற்றவர்கள் ஆற்றில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கப் போனார்கள். நான் வேப்பமரத்தடியில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்போன் அடித்தது. வடக்கே ஒரு பார்ட்டிக்கு உடனே விலை வேண்டுமாம். கூட்டத்துக்கு நடுவே பெட்டியைத் திறந்தேன். முடி இறக்கிச் சந்தனம் பூசிய ஒரு அம்மா அருகில் வந்து குனிந்து, "என்னத்தா இது, வளையல் பொட்டியா?" என்று கேட்டார். அது வளையல் பெட்டியாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். விலையைச் சொல்லி முடித்தபோது பொங்கல் பொங்கிவிட்டிருந்தது. குலவைச் சத்தம் மட்டும்தான் எனக்குக் கிடைத்தது.

அந்த வருஷங்களில் கரண்ட் தினமும் மணிக்கணக்கில் போகும். மற்ற கம்பெனிகளில் கரண்ட் போனால் எல்லோரும் எழுந்து வெளியே வந்து நிற்பார்கள், டீ குடிப்பார்கள், வம்பு பேசுவார்கள். எங்கள் தெருவிலும் சாயங்காலம் கரண்ட் போனால் வாசலில் பெண்கள் கூடிவிடுவார்கள். நான் மட்டும் உள்ளே, பெட்டித் திரையின் வெளிச்சத்தில், பூச்சிகள் மூஞ்சியில் மோத ஆர்டர் தட்டிக்கொண்டிருப்பேன். அரைநாள் தாங்கும் பேட்டரி என்று நான்தானே மெச்சினேன். அது சொன்ன சொல் தவறவில்லை.

ஒருமுறை வேண்டுமென்றே விசைகளின்மேல் காபியைக் கொட்டினேன். அடியிலிருந்த ஓட்டை வழியே காபி வழிந்து பாயை நனைத்தது. பெட்டி பாட்டுக்கு வேலை செய்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன் பெரிய குறை எனக்கு அன்றுதான் புரிந்தது. அது கெட்டுப்போகாது. காய்ச்சல் வந்தால் நான் படுக்கலாம், அது படுக்காது. அது படுக்காதவரை என்னையும் யாரும் படுக்க விடப்போவதில்லை.

அது வரமுடியாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எங்கள் பட்டாசு ஆலை. செல்போன், பேட்டரி, ஆணி அடித்த செருப்பு எதையும் கேட்டுக்குள் விடமாட்டார்கள். சரக்கு இருப்புப் பார்க்க நான் அங்கே போகும்போது வாட்ச்மேன் பையை வாங்கித் தன் அறையில் வைத்துக்கொள்வார். வெறுங்காலோடு உள்ளே நடப்பேன். தள்ளித் தள்ளி ஒற்றை அறைகள், இடையிடையே வேப்பமரங்கள், பேச்சுச் சத்தம்கூட அடங்கித்தான் கேட்கும். ஊரே பயப்படுகிற இடம் அது. அங்கே வேலை பார்ப்பவர்கள் காலையில் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். எனக்கோ அங்கேதான் மூச்சு விட முடிந்தது. இரண்டு மூன்று மாதங்கள் ஏதாவது சாக்குச் சொல்லி அங்கே போய்க்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சிக்கு அது தெரிந்தது. அவர் திட்டவில்லை. "பொட்டிய கேட்டுல போட்டுட்டு நீ உள்ள போயிட்டா, அதுக்கு யாருத்தா பொறுப்பு? நீ அலைய வேண்டாம். இருப்பு ஒன் மேஜைக்கே வரும்," என்றார். நல்ல மனிதர். தீபாவளிக்குப் பட்டுச் சேலை எடுத்துக் கொடுப்பார், என் அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு ஆள் அனுப்பினார். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு என்றைக்கோ போயிருப்பேன்.

கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் கணக்கு வேலை இருப்பதாகக் கல்லூரித் தோழி சொன்னாள். அடுத்த தீபாவளி முடிந்து ஆபீஸுக்கு விடுமுறை விட்டதும், ஒரு கல்யாணத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு நேர்காணலுக்குப் போனேன். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். "லேப்டாப் தருவீங்களா?" என்று கேட்டேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இப்போதைக்கு அந்த வசதி இல்லம்மா. மேஜையில இருக்கிற கம்ப்யூட்டர்தான். தப்பா நினைச்சுக்காதீங்க," என்றார் ஒருவர். எழுந்து அவர் காலில் விழலாம்போல இருந்தது. எப்போது வேண்டுமானாலும் சேருகிறேன் என்று சொன்னேன். தை முதல் வாரம் வரச் சொன்னார்கள்.

பால்காரரிடம் இனி என்ன சொல்வது என்று அப்பா கேட்டார். அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் பேப்பர்வெயிட்டை ஒரு தடவை உருட்டி நிறுத்தினார்.

"போத்தா. போயி நல்லா இரு. வெரல மட்டும் இங்கன வச்சிட்டுப் போ," என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் இருவருக்கும் தெரியும், அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டி வேறொரு விரலை ஏற்காதவரை நான் போக முடியாது. விரலுக்குரியவரும் அண்ணாச்சி நம்பும் ஆளாக இருக்கவேண்டும். மார்கழி முழுக்க ஆள் தேடினார். ஒருவர் தம்பிக்கு வேண்டியவர், ஒருவர் பேச்சு அதிகம், ஒருவர் பக்கத்துக் கம்பெனியில் இருந்து வந்தவர். தை முதல் வாரம் வந்துவிடுவீர்களா என்று கோயம்புத்தூரிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது.

கடைசியில் தாயில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை அழைத்துவந்தார். அவள் அப்பாவும் அம்மாவும் எங்கள் ஆலையில்தான் வேலை. அவர்கள் வீட்டில் முதன்முதலாக டிகிரி முடித்தவள். படிப்புக்கு வேண்டியதை வீட்டில் தீப்பெட்டி ஒட்டியே சம்பாதித்தவள் என்று அண்ணாச்சி பெருமையாகச் சொன்னார். நான் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் கற்பூரமாகப் பிடித்துக்கொண்டாள். இனி விரல்தான் பாக்கி.

வலது ஆள்காட்டி விரலைத் தேய்த்தாள். சிவப்பு. இன்னும் மெதுவாக என்றேன். சிவப்பு. கட்டைவிரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அவள் கையைத் திருப்பிப் பார்த்தேன். ஆறு வயதிலிருந்து பசையிலும் அட்டையிலும் தேய்ந்து தேய்ந்து, நுனிகளில் ரேகை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அண்ணாச்சி தன் விரல்களை மடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். நான் பயந்தேன். அவளுக்காக இல்லை, எனக்காகத்தான். இவள் விரலும் தேறாவிட்டால் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே முடியாது. இருக்கன்குடி மாரியம்மனை மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"மன்னிச்சுக்கிருங்கக்கா," என்றாள் அவள், ஏதோ அவள் தப்பு செய்துவிட்டதுபோல.

வலது கையில் ஐந்தும் போயிற்று. இடது கையில் நான்கும் போயிற்று. கடைசியாக இடது சுண்டுவிரலைக் கூச்சத்தோடு தேய்த்தாள். பச்சை. மறுபடி தேய்க்கச் சொன்னேன். பச்சை. மூன்றாவது தடவையும் பச்சை.

"வாங்கிருச்சுக்கா," என்று அந்த விரலைத் தூக்கிக் காட்டினாள். "ஒட்டும்போது இது மட்டும் ஒண்ணும் செய்யாது. பசை படாம சும்மா தள்ளி நீட்டிக்கிட்டே இருக்கும். எங்கம்மா இத வேலையில்லாத வெரலும்பாக."

என் விரலைப் பெட்டியிலிருந்து நீக்கினேன். நிச்சயமாகவா என்று அது ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்று தட்டினேன். பையின் வாரை அவள் தோளில் நானே மாட்டிவிட்டேன். கனத்தில் அவள் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வீட்டுக்குக் கொண்டு போலாம்னு அண்ணாச்சி சொன்னாக. நெசமாவாக்கா?"

"ஆமா."

"எங்க வீட்டுல பாதி நேரம் கரண்டே இருக்காதுக்கா. தாங்குமா?"

"தாங்கும்," என்றேன். "அதெல்லாம் நல்லாத் தாங்கும்."