தெத்துப்பல் இல்லாத படம்

அம்மா செத்தபோது வீட்டில் அவளுடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று நம்பியவள். பிடிக்காமலே முப்பத்தெட்டில் போய்விட்டாள்.

அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். காரியம் முடிந்த மறுவாரம் என்னை அழைத்துக்கொண்டு மண்ணரையில் இருந்த ஓவியரிடம் போனார். பனியன் பெட்டிக்கு லேபிள் படமும் கடைகளுக்கு போர்டும் எழுதுகிறவர் அவர். செத்தவர்களையும் வரைந்து கொடுப்பார்.

“போட்டோ இல்லீனாப் பரவால்லீங்க. சொல்லுங்க, மூஞ்சி நீளமுங்களா, வட்டமுங்களா?”

அப்பா யோசித்தார்.

“மூக்குத்தி எந்தப் பக்கமுங்க?”

அப்பா என்னைப் பார்த்தார். சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அப்பா முன்னால் நடப்பார், அம்மா பத்தடி பின்னால் வருவாள். சோறு போடும்போது தட்டைப் பார்ப்பார். இருபது வருஷம் குடும்பம் நடத்திய மனிதருக்குப் பெண்டாட்டியின் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வலது பக்கமுங்க” என்று நான்தான் சொன்னேன்.

“எம்புள்ளையப் பாத்து வரைங்க. அவொ அம்மாளாட்டமேதான் இருப்பாளுங்க” என்றார் அப்பா.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஓவியர் என் முகத்தை வரைந்து, காதோரம் நாலு நரைமுடி சேர்த்து, பெரிய குங்குமப்பொட்டும் வைத்தார். அம்மாவுக்கு ஒரு தெத்துப்பல் உண்டு. சிரிக்காதபோதும் உதட்டுக்கு வெளியே கொஞ்சம் எட்டிப் பார்க்கும். புருவத்தில் ஒரு தழும்பும் இருந்தது. இரண்டையும் வரையச் சொன்னேன்.

“சாமி படத்துக்கும் செத்தவிய படத்துக்கும் பல்லுத் தெரியப்படாதுங்க அம்மிணி. கொறையும் வரையறதில்லீங்க” என்றார்.

அம்மாவிடம் என்னைப் போல இல்லாதது அந்த இரண்டும்தான். அவற்றை விட்டுவிட்டால் மிஞ்சுவது யார்? அப்பாவுக்கு மட்டும் பரம திருப்தி. சுவரில் மாட்டி, மாலை போட்டு, தினமும் ஊதுபத்தி கொளுத்தினார். எனக்கு நானே கும்பிடு போடுவது போல இருந்ததால் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

அடுத்த வருஷம் கணியூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

“ஏனுங்க, உசுரோட இருக்கற புள்ளைக்கு மாலை போட்டு வெச்சிருக்கறீங்க?”

“அது எம்பட சம்சாரமுங்க” என்றார் அப்பா.

யார் நம்புவார்கள்? காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அன்று சாயங்காலம் அப்பா படத்திலிருந்து மாலையைக் கழற்றினார். என் கல்யாணம் முடியும்வரை அம்மாவுக்கு ஒரு பூகூட வைக்கவில்லை. மாலை போனதில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே வெறுப்பு வருகிறது.

குன்னத்தூரில் வாக்கப்பட்டு இரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் போனபோது படத்தில் மறுபடியும் மாலை இருந்தது. அப்பா இளைத்துப் போயிருந்தார். வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

“பாக்கறப்பல்லாம் உன்ற நெனப்புத்தான் வருது, அவொ வரமாட்டேங்கறா. அந்தத் தெத்துப்பல்லு எந்தப் பக்கம் கண்ணு? சொன்னா அதையாச்சும் நெனச்சுக்குவேன்.”

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் முகத்தை நினைக்கப் பார்த்தேன். உதடு மூடிய அந்தப் படம்தான் வந்தது. எவ்வளவு முயன்றும் பல் வரவில்லை.

“இடது பக்கமுங்கப்பா” என்றேன்.

அப்பா தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சாகும்வரை அவர் இடது பக்கம் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார். எனக்கு இன்றுவரை தெரியாது.