மடிச் சோதனை என்னுடையது

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாடகைக்கு எடுத்த ஓட்டுச் சாய்ப்பில் மைக்செட் கடை போட்டேன். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பலகை அறுத்ததும் நான், ஆணி அடித்ததும் நான். அம்மன் கோவில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவேன். அதே குழாயைக் கழற்றிச் சர்ச் கன்வென்ஷனுக்குக் கட்டுவேன். 'இவன் எங்கே உருப்படப் போகிறான்' என்ற சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்திலும் என் செட்டுதான் பாடியது. அந்த வருமானத்தில் வீடு கட்டினேன், மகளை எஞ்சினியராக்கினேன். கடைசியாக, இந்த வயதில், மடிச் சோதனையைக் கண்டுபிடித்தேன். மற்றதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்ளும். கடைசியில் சொன்னதை என் மகள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.

அவள் நாகர்கோவிலில் மொபைல் கடை வைத்திருக்கிறாள். பொருள்களை ஒப்பிட்டு வீடியோவும் போடுவாள். போன மாதம் கறுப்பு, வெள்ளை, நீலம் என்று வயர் இல்லாத ஹெட்போன் மூன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"அப்பா, சும்மாதான இருக்கிய. இதக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

"சும்மா இருக்கேன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

அவள் போட்ட சினிமாப் பாட்டு எனக்கு வேண்டாம். என் செட்டிலிருந்து நானே பதிந்த வில்லுப்பாட்டைப் போடச் சொன்னேன். கறுப்பில் குடத்தின் அடி நெஞ்சில் வந்து மோதியது. ஆனால் குடம் பாட்டுக்காரரை விழுங்கிவிட்டது.

"பிள்ளையளுக்கு இந்த பேஸ் அடிதான் பிடிக்கும், அப்பா."

"பிடிக்கட்டு. பாட்டுல வார்த்த கேக்காண்டாமா?"

வெள்ளையில் வில்மணி தனியாக, ஜால்ரா தனியாக, பாட்டுக்காரர் மூச்சு வாங்குவதுகூடத் தனியாகக் கேட்டது. நீலம் சுமார்தான். வெள்ளைக்கே முதலிடம் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். அதோடு விட்டிருந்தால் சண்டையே இல்லை.

அடுத்தது இணைப்பு. அவள் போனை மேசையில் வைத்துவிட்டு, ஹெட்போனோடு அறை அறையாக நடந்து, கிணற்றடிவரை போய்வந்தாள். மூன்றும் தேறின. நான் வெள்ளையை மாட்டி, போனை வேட்டி மடியில் சொருகிக்கொண்டு, விழுந்துகிடந்த தேங்காய் பொறுக்கப் போனேன். குனிந்தால் பாட்டு நின்றது. நிமிர்ந்தால் வந்தது.

"ஏட்டி, இது கொள்ளாது. பாட்டு விக்குது."

வந்து பார்த்துச் சிரித்தாள். "போன எங்க வச்சிருக்கிய?"

"மடியில. பின்ன தலையிலயா வைப்பேன்?"

"சிக்னல் வாங்குகது வலது காதுப் பக்கம். போன் இடது இடுப்புல. நடுவுல உங்க வயிறு கெடக்கு. சட்டப் பையில வச்சுப் பாருங்க."

"சட்ட போட்டாத்தானே பை?"

தப்பு என்மேல்தான், ஹெட்போன்மேல் இல்லை என்று அவள் சாதித்தாள். நான் விடவில்லை. வயலில் நிற்கிறவன், தோப்பில் நிற்கிறவன், கடற்கரையில் வலை இழுக்கிறவன், இவர்களெல்லாம் போனை மேசையில் வைத்துவிட்டா வேலை செய்கிறார்கள்? மடியில் வைத்தால் விக்குகிற ஹெட்போன் இந்த ஊருக்கு எதற்கு? மூன்றையும் மடியில் போன் வைத்தே சோதித்தேன். கறுப்பு இடையிடையே விக்கியது. நீலம் மட்டும் குனிந்தாலும் உட்கார்ந்தாலும் அறுபடவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் நின்று, மூன்றையும் மாற்றி மாற்றி மாட்டி, அவளிடம் போனில் பேசினேன். அங்கேயும் நீலத்தில்தான் என் குரல் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

நீலத்தை நான் தலையில் தூக்கிவைத்து ஆடவில்லை. கண்ணாடி போட்டவனுக்கு அது ஆகாது. கண்ணாடிக் காலைக் காதோடு சேர்த்து நெரிக்கிறது. கறுப்பின் மெத்தை சுகம், ஆனால் நம் வெயிலில் காது வெந்துபோகும். சுகத்துக்கு வெள்ளைதான், மாட்டியிருப்பதே தெரியாது. உட்கார்ந்து கேட்கிறவன் வெள்ளையை வாங்கட்டும், நடமாடி வேலை செய்கிறவன் நீலத்தை வாங்கட்டும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே அவள் என் சோதனைகளையெல்லாம் வீடியோ எடுத்திருந்தாள்.

வீடியோ வந்தது. கடைக்கு வருகிறவர்களெல்லாம் மடிச் சோதனையைத்தான் விசாரிக்கிறார்களாம். நானும் போட்டுப் பார்த்தேன். என் இடுப்பு இருக்கிறது, வேட்டி இருக்கிறது, மடியில் போன் இருக்கிறது. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. 'எங்க டீம் கண்டுபிடிச்ச புது டெஸ்ட்' என்கிறாள்.

"எந்த டீம், மக்கா? எனக்க வயிறும் ஒனக்க கேமராவுமா?"

"அப்பா, அண்ணைக்கு நீங்க ஷேவ் பண்ணல்ல. அதான் முகத்த வெட்டினேன்."

"எனக்க தாடியா சோதன செய்தது?"

அவள் கடைக்குப் போய்விட்டாள். படம் பிடித்தது அவள், வெட்டி ஒட்டியது அவள், சிக்னல் எங்கே வாங்குகிறது என்று சொன்னதும் அவள். அதில் ஒரு பங்கும் எனக்கு வேண்டாம். மேடையில் பாடியவருக்கு மாலை போடும்போது குழாய் கட்டிய என்னை யாரும் கூப்பிட்டதில்லை. அதை நான் கேட்டதும் இல்லை. இதைக் கேட்பேன். மடிச் சோதனை அப்பா செய்தது என்று அவள் தன் வாயால், அதே வீடியோவில் சொல்ல வேண்டும். இடுப்பு இருக்கிற இடத்தில் முகமும் இருக்க வேண்டும். காலையிலேயே சவரம் செய்துவிட்டேன். இனி வந்து எடுக்க வேண்டியது அவள்.