ஈயம் ஏற்றிய நீர்மூழ்கி

அந்தப் புத்தகத்தின் தாள் வழவழவென்று இருந்தது. விமானத் தபால் உறையைக் கிழித்து மாமா அதை மேசைமேல் விரித்தபோது, ஆவடி குவார்ட்டர்ஸின் மஞ்சள் சுவர்களுக்குள் ஒரு துண்டுக் கடல் வந்து விழுந்தது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் இருந்த அவருடைய பழைய சினேகிதர் அனுப்பியது. அதில் இருந்ததெல்லாம் ரேடியோவால் ஓட்டும் சின்னப் பொம்மை நீர்மூழ்கிகள். பாகம் பாகமாக வரும், நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். எது வேண்டுமென்று எழுது, பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்று ஓரத்தில் ஒரு வரி. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தாறு வயது, அம்பத்தூர் எஸ்டேட்டில் டைப்பிஸ்ட் வேலை. ஆங்கிலத்தைப் படித்துச் சொல்லவும் பதில் எழுதவும் என்னை வரவழைத்திருந்தார். அந்த வழவழப்பை என் விரல்கள் இன்றும் அச்சத்தோடுதான் நினைக்கின்றன.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். தொழிற்சாலையில் இருபது வருடம் கசிவுச் சோதனை பார்த்தவர். மூடிய பாகங்களைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட்டுக் குனிந்து பார்ப்பார். ஒரு குமிழி வந்தாலும் சிவப்புச் சாக்பீஸ். வரவில்லையென்றால் வெள்ளைக் கோடு ஒன்று போட்டு, ‘பாஸ்’ என்று சத்தமாகச் சொல்வார். அப்படிக் குனிந்திருந்த ஒரு பகலில்தான் முதல் வலிப்பு வந்தது. முகம் தொட்டிக்குள் போய்விட்டது. கூட இருந்தவர்கள் காலைப் பிடித்து இழுத்தார்கள். தண்ணீர் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். மாமாவை ஸ்டோரில் டோக்கன் கொடுக்க உட்காரவைத்தார்கள். வீட்டில் குளியலறைக் கதவின் தாழ்ப்பாளை அக்கா கழற்றிவிட்டாள். அரை வாளித் தண்ணீர்தான். குளித்து முடிக்கும்வரை அவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அக்கா வெளியே நின்று காய் நறுக்குவாள்; உள்ளே குரல் நின்றால் கத்தியைப் போட்டுவிட்டுக் கதவைத் தள்ளுவாள். “சோப்பு போட்டுக்கினு கீறேன்டி, சாவல இன்னும்” என்று உள்ளிருந்து சிரிப்பு வரும். தன்னை விலக்கிவைத்த தண்ணீருக்குள் தனக்குப் பதிலாக ஒன்றை அனுப்ப நினைத்தார் மாமா. அவ்வளவுதான் அவர் ஆசை.

புத்தகத்தில் இரண்டைப் பொறுக்கி வைத்திருந்தார். ஒன்று புதிதாக ஓட்டுகிறவர்களுக்கானது. இயல்பிலேயே மிதப்பது, மோட்டார் ஓடும்போது மூக்கைச் சாய்த்து முங்கும், நின்றால் தானே மேலே வந்துவிடும். இன்னொன்றுக்கு வயிற்றில் ஒரு சின்னத் தொட்டி. தண்ணீரைக் குடித்துவிட்டு அடியில் போய் அமரும். அதைத் துப்பினால்தான் எழும்.

“இதான் மச்சான் நெசமான சப்மரின். அது வாத்து.”

“புதுசா ஓட்றவங்களுக்கு அதான் நல்லதுன்னு போட்டிருக்கு மாமா.”

“யாரு புதுசு? இருவது வருசம் தண்ணியோட குடித்தனம் பண்ணவன்யா நானு.”

சமையலறை வாசலில் இருந்து அக்கா சொன்னாள்: “தம்பி, தானா மேல வர்றதா பாத்து எழுது. அது உள்ள போயி மாட்டிக்கிச்சின்னா, இந்த ஆளு கரையில குந்திக்கினு இருப்பாரா?”

நான் வாத்தையே எழுதினேன். மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒரு உயிருக்கு வேலி கட்டிவிட்டதாக எனக்குள் ஒரு பெருமிதம்.

பொங்கலுக்கு வந்த பெட்டியை அவர் பூட்டி முடிக்கச் சித்திரை ஆகிவிட்டது. அந்த மாதங்களில் ஒரு வலிப்புகூட வரவில்லை. அக்காவின் முகத்தில் சதை பிடித்தது. கொல்லைப்பக்கத்துச் சிமெண்டுத் தொட்டியில் முதன்முறையாக இறக்கினோம். விரலளவு முதுகைக் காட்டிக்கொண்டு அது மிதந்தது. அப்படித்தான் மிதக்க வேண்டும். மாமாவுக்கோ அது ஒரு குற்றம்போல் பட்டது. “மெதக்குதுன்னா உள்ள காத்து கீது. காத்து கீற எடத்துல கசிவும் கீது” என்றார். இருபது வருடப் பழக்கம் அவர் கண்ணுக்குள் இருந்து பேசியது. பூந்தமல்லிக் கடைத்தெருவில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை வாங்கிவந்து, ஒவ்வொன்றாக அதன் வயிற்றில் ஒட்டினார். முதுகு மறைந்தது. கடைசிக் குண்டு என் உள்ளங்கையில் இருந்தது. அது ஏறினால் இனி இது தானே மேலே வராது என்று அந்தப் புத்தகத்தை வரி வரியாகப் படித்த எனக்குத் தெரியும். தெரிந்தும் கொடுத்தேன். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். நீர்மூழ்கி எழாமலும் இறங்காமலும் நடுத்தண்ணீரில் நின்றது. தொட்டிச் சுவரில் ஒரு வெள்ளைக் கோடு. “பாஸ்!”

அக்கா எட்டிப் பார்த்தாள். “இப்பவும் தானா மேல வருமாடா?”

“வரும்க்கா” என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் மாமாவும் ஆவடி ஏரிக்குப் போனோம். கோடைத் தண்ணீர், பச்சையாக, மூச்சில்லாமல் கிடந்தது. இறங்கமாட்டேன் என்று அக்காவின் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தார் மாமா. இரண்டு சுற்று அழகாகப் போனது. மூன்றாவது சுற்றில் முங்கியது வரவில்லை. பாசியில் சிக்கியிருக்கும். மாமா விசையைத் திருகினார், திருகினார். பிறகு சட்டைப் பொத்தானில் கைவைத்தார். “நீங்க குந்துங்க மாமா” என்று சொல்லிவிட்டு நான் இறங்கினேன்.

மார்பளவு தண்ணீர். கீழே சேறு காலை விழுங்கி விழுங்கித் துப்பியது. கரையில் இருந்து குரல் துரத்திக்கொண்டே வந்தது: “லெப்ட்டுல மச்சான்... இன்னும் லெப்ட்டு... யோவ், அதா லெப்ட்டு? சோத்தாங்கைய ஆட்டிக்கினு போறியே!” நானும் சிரித்தேன். பிறகு குரல் நின்றது. பீடி பற்றவைக்கிறார் என்று நினைத்தேன். அந்த வீட்டில் பழகிய எந்தக் காதுக்கும் அந்த அமைதி ஈட்டிபோல் பாய்ந்திருக்கும். எனக்கு அது சுகமாக இருந்தது. தொந்தரவில்லாமல் தேடலாம் அல்லவா?

மாமா சத்தியத்தை மீறவில்லை. என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளத்தான் விளிம்புவரை வந்திருக்கிறார். அங்கே தண்ணீர் கணுக்காலைக்கூட மூடாது. குப்புற விழுந்தவருக்கு அந்தத் தண்ணீர் போதுமானதாக இருந்தது.

இப்போது அந்த ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டிருக்கிறார்கள். படகு விடுகிறார்கள், சோளம் விற்கிறார்கள். அக்கா முகப்பேரில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். பேருந்து அந்த வழியாகப் போனால் ஜன்னலுக்கு மறுபக்கம் பார்ப்பாள். இத்தனை வருடங்களில் ஒரே ஒருமுறை கேட்டாள்: “கொரலு நின்னதும் ஓடியாந்தியாடா?”

“ஓடியாந்தேன்க்கா.”

ஓடவில்லை. காலில் வழவழப்பாக ஏதோ தட்டியது. மூச்சுப் பிடித்துக் குனிந்து, பாசியைப் பிய்த்து, அதை வெளியே எடுத்தேன். சேற்றைக் கழுவினேன். மூக்கிலிருந்து வால்வரை நிதானமாகக் கழுவினேன். அவர் பார்க்கட்டும் என்று இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “பாஸ்!” என்று கத்தியபடிதான் கரைப்பக்கம் திரும்பினேன்.