சித்தியின் பூப்போட்ட குடை

நான் மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். அதிலும் சாதாரண மடையன் இல்லை, தன்னைத் துப்பறியும் அதிகாரி என்று நினைத்துக்கொண்ட மடையன். இந்த வகை வீட்டுக்கு ஒன்று இருந்தாலே அதிகம். ஒன்பது வயதில், அந்தமானில், விடாமல் கொட்டிய மழையில், சொந்தச் சித்தப்பாவையும் சித்தியையும் நான் கையும் களவுமாகப் பிடித்தேன். என்ன களவு என்பது மட்டும்தான் எனக்குத் தெரியவில்லை.

சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கம்பெனியில் கெஞ்சி லீவு வாங்கி, அந்தமானுக்கு விமானத்தில் இரண்டு டிக்கெட் போட்டிருந்தார். திருப்புலிவனத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. திருத்தணிக்குப் போனாலும் சரி, கண் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, வேன் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும். ஆகவே அப்பா பதறிவிட்டார்.

"ரெண்டே பேரா? கடல் தாண்டியா? அந்தப் பொண்ணுக்குத் தொணைக்கு ஆளு வாணாமாடா?"

அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசிச் சித்தப்பாவுக்குப் பழக்கமில்லை. அப்பா மேற்கொண்டு மூன்று டிக்கெட் போட்டார். அம்மா புளிசாதம் கட்டினாள். புதுமணத் தம்பதி இருவர், துணைக்கு மூவர் என்று கிளம்பினோம்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான். அடியில் கண்ணாடி பதித்த படகு ஒன்று அங்கே இருக்கிறது, உட்கார்ந்தபடியே கடலுக்குள் மீன் போவதைப் பார்க்கலாம் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அதில் ஏற்றிக் காட்டுவதாக என் தலையில் அடித்துச் சத்தியமும் செய்திருந்தார்.

போய் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. படகெல்லாம் ரத்து. லாட்ஜில் எடுத்த இரண்டு அறைகளில் ஒன்று முதல் நாளே ஒழுகியது. "அதனால இன்னா, அல்லாரும் ஒரே ரூம்ல படுத்துக்கலாம்" என்று அப்பா பிரச்சினையை ஒரு நொடியில் தீர்த்துவைத்தார். சித்தப்பா ஒழுகும் கூரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு வேறு கவலை. ஊரில் அப்போது கத்திரி வெயில். ஜன்னல் வழியாகக் கடலைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார். "அங்க ஏரி காஞ்சி பாளம் பாளமா வெடிச்சிக் கெடக்குது. இங்க இன்னாடான்னா கடல் மேல பெஞ்சிக்கினு கீது. யாருக்குப் பிரயோஜனம்?"

மழை நாளையும் வீணாக்கக் கூடாது என்று சித்தப்பா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். பிளாஸ்டிக் மக்கு ஒன்றில் பேனாவால் கோடுகள் போட்டு, லாட்ஜ் வாசலில் வைத்தார். மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மழையை அளந்து நோட்டில் எழுத வேண்டும். இடத்தைவிட்டு எழுந்தால் கணக்கு தப்பிவிடும். பொதுப்பணித்துறையே என்னை நம்பியிருப்பதுபோல் நானும் உட்கார்ந்தேன். அப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். ஊரில் இருந்த பங்காளிக்குப் போன் போட்டு, "இன்னிக்கு மட்டும் ஒன்றரை மக்கு!" என்று வயிற்றெரிச்சலைக் கிளப்பினார்.

இரண்டாம் நாள்தான் என் மூளை விழித்தது. நான் மக்கின் முன்னால் உட்கார்ந்த மறுநிமிடம் சித்தப்பாவும் சித்தியும் எங்கோ கிளம்பிப் போகிறார்கள். கேட்டால் தலைவலி மாத்திரை வாங்க என்கிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மாத்திரை இல்லாமல் வருகிறார்கள். தலைவலியும் இருப்பதாகத் தெரியவில்லை, சிரித்துக்கொண்டே வருகிறார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது குடை. அறையில் இரண்டு குடைகள் இருந்தன. ஒன்று அப்பாவின் கறுப்புக் குடை, நாலு பேர் தாராளமாக நிற்கலாம். மற்றது சித்தியின் பூப்போட்ட மடக்குக் குடை, ஒரு ஆளுக்கே போதாது. இவர்கள் இரண்டு பேரும் அந்தப் பூப்போட்ட குடையை மட்டும் எடுத்துக்கொண்டு போய், சித்தப்பாவுக்கு இடது தோளும் சித்திக்கு வலது தோளும் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார்கள். படித்தவர்கள் செய்கிற காரியமா? எனக்குச் சந்தேகமே இல்லை. என்னை மழைக்குக் காவல் வைத்துவிட்டு, இவர்கள் கண்ணாடிப் படகில் போய் வருகிறார்கள்.

மூன்றாம் நாள் மக்கை அப்பாவிடம் ஒப்படைத்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். கறுப்புக் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காற்று என்னையும் குடையையும் சேர்த்து இரண்டு தரம் திருப்பி வைத்தது. படகுத்துறையில் எல்லாப் படகுகளும் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கட்டிக் கிடந்தன. அப்படியானால் ஐஸ்கிரீமாகத்தான் இருக்க வேண்டும். பார்த்தால், ஐஸ்கிரீம் கடையும் மூடியிருந்தது.

அப்போதுதான் கடலோரக் கட்டைச் சுவரின் மேல் பூப்போட்ட குடையைக் கண்டேன். குடைக்குக் கீழே இரண்டு முதுகுகள். பின்னால் ஒரு தென்னை மரத்தடியில் ஒளிந்து சாட்சியம் சேகரிக்க ஆரம்பித்தேன். சித்தப்பா கையில் ஒரு சுட்ட மக்காச்சோளம். அவர் ஒரு கடி, சித்தி ஒரு கடி. ஆளுக்கு ஒன்று வாங்கினால் என்னவாம்? கஞ்சர்கள் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

"நாளன்னிக்கு ஊருக்குப் போறோம்ல?" என்றாள் சித்தி.

"ம்."

"போனதும் உனுக்கு நைட் ஷிப்டு. வூட்ல பதினோரு பேரு."

"ம்."

"இந்த மழ நாளைக்கும் இதேமாரி பெய்யட்டும், இன்னா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழை பெய்யட்டுமாம்! பெய்தால் படகு ஓடாது. நான் மீன் பார்க்கக் கூடாது என்று சொந்தச் சித்தியே வேண்டிக்கொள்கிறாள்! சதி அம்பலமாகிவிட்டது.

"நான் கேட்டுட்டேன்!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தேன். சித்தி அலறியதில் சோளம் கடலில் விழுந்தது.

"டேய், நீ எங்கடா இங்க? மக்கு ரொம்பி வழியப்போவுது, ஓடு!" என்றார் சித்தப்பா.

"அத அப்பா பாத்துக்கினு கீறாரு. இந்தாங்க, பெரிய கொட கொண்டாந்துகீறேன். அத மடக்குங்க, மூணு பேரும் இதுலயே வர்லாம்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தி மெதுவாகக் குடையை மடக்கினாள். நான் நடுவில் நடந்தேன். யார் தோளும் நனையவில்லை.

அறைக்கு வந்ததும் அம்மாவிடம் முழு அறிக்கையும் வாசித்தேன். ஒரே சோளம், ஒரே குடை, மழை வேண்டுதல், ஒன்று விடவில்லை. சித்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா சித்தியைப் பார்த்தாள், ஒழுகிய அறையின் கதவைப் பார்த்தாள், பிறகு என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். புகார் கொடுத்தவனுக்கே குட்டு! அம்மாவுக்கும் இதில் பங்கு இருக்குமோ என்று சந்தேகம் வந்தது.

அந்தச் சந்தேகம் மறுநாள் உறுதியானது. விடிந்ததும் அம்மாவுக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது. தூரத்தில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது, இன்றைக்கே போயாக வேண்டும் என்றாள்.

"சரி, வர்றவங்க அல்லாரும் கெளம்புங்க" என்றார் அப்பா வழக்கம்போல.

"அவுங்க வர்ல. நாம மூணு பேருதான்."

"வண்டில எடம் கீதே?"

"கெடக்கட்டும்."

எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் வண்டி காலி இடத்தோடு கிளம்பியது அன்றுதான். அப்பா மக்கைப் பிரிய மனமில்லாமல் வந்தார். கோயில் மண்டபத்தில் மதியம் தாண்டியும் உட்கார்ந்திருந்தோம். நான் கிளம்பலாம் என்றேன்.

"மழ விடட்டும்" என்றாள் அம்மா.

"அதான் நாலு நாளா விடலியே?"

"அப்ப உக்காரு."

சித்தி வேண்டிக்கொண்டபடியே அன்று முழுக்கப் பெய்தது. கண்ணாடிப் படகை நான் கடைசிவரை பார்க்கவே இல்லை. படகுக்காரனும் அம்மாவும் சித்தியும் சேர்ந்து செய்த சதி என்று வழக்கை முடித்துவைத்து, ரொம்ப நாள் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. லீவு கிடைப்பது மழைக்காலத்தில்தான். அதே அந்தமானுக்கு டிக்கெட் போட்டுவிட்டு, விவரம் தெரிந்தவள் என்று சித்திக்குப் போன் செய்தேன். அங்கே மழை பிடித்துக்கொண்டால் என்னதான் செய்வது என்று கேட்டேன். முன்ஜாக்கிரதையாக, ஆளுக்கு ஒன்றாக இரண்டு பெரிய குடைகள் வாங்கி வைத்திருப்பதையும் சொன்னேன். அந்தப் பக்கம் சித்தி சிரித்துவிட்டாள்.

"ரெண்டையும் வூட்லயே வெச்சிட்டு, சின்னதா ஒண்ணு வாங்கிக்கினு போ."