ஒன்பதாவது கட்டம்

"மெஷின் ரிப்பேர் சார். ரெண்டு தெரு தள்ளி கடை இருக்கு, சர்ட்டிபிகேட்டை ஒரு ஜெராக்ஸ் காப்பி எடுத்துட்டு வந்துடுங்க" என்று அப்பாக்களை வெளியே அனுப்புவார் ஆபீஸ் அக்கா. ஜெராக்ஸ் மெஷின் அவர் காலடியிலேயே, பூப்போட்ட விரிப்பைப் போர்த்திக்கொண்டு, பூரண ஆரோக்கியத்துடன் உட்கார்ந்திருக்கும். செருப்புச் சத்தம் படியிறங்கி முடிந்ததும் பிள்ளையின் பக்கம் திரும்புவார். "ம், இப்ப நீ சொல்லு. எதுக்கு இங்க வர்றே?"

இந்த ஊரில் சிறுபான்மையினரான எங்கள் ஆட்கள் எங்கள் மொழியில் நடத்தும் பள்ளி அது. ஆறு அறைகள்; மழை பெய்தால் ஐந்து. எதிரிலேயே அரசாங்கத்தின் பெரிய பள்ளி, நீச்சல் குளத்தோடு நிற்கிறது. அதை விட்டுவிட்டு இங்கே ஏன் வருகிறீர்கள் என்று சேர்க்கைப் படிவத்தின் ஒன்பதாவது கட்டம் கேட்கிறது. "மொழியும் பண்பாடும் காக்க" என்று எல்லா அப்பாக்களும் எழுதுகிறார்கள். பார்த்து எழுதுவதில் நம்மவர்களுக்குள்ள ஒற்றுமை வேறெதிலும் கிடையாது.

அதனால்தான் அக்கா அப்பாக்களுக்குப் பென்சில் மட்டும் கொடுப்பது. பிறகு ரப்பரால் அழித்து, பிள்ளை சொன்னதைப் பேனாவில் எழுதுவார். "அங்க விழான்னா நம்ம டிரஸ்ஸை மாட்டி என்னை மேடையில நிக்க வச்சிடறாங்க. இங்க யாரும் என்னை வேடிக்கை பாக்க மாட்டாங்க." இன்னொரு பிள்ளை: "இங்க எங்கண்ணன் ஒரு நாள் வரலேன்னா மத்தியானத்துக்குள்ள நாலு ஃபோன் வருது." குழு போட்டு ஆராய வேண்டிய சங்கதியெல்லாம் அவர் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது.

போன வெள்ளிக்கிழமை சோதனை வந்தது. பதினோராம் வகுப்பில் பன்னிரண்டு பேர் சேராவிட்டால் வகுப்பையே மூடவேண்டும் என்பது கல்வி அலுவலகத்தின் உத்தரவு. அன்று நாலு மணிக்கு அவர்கள் ஆள் வந்து படிவங்களின் பிரதியை வாங்கிப் போவார். பதினொன்று தேறியிருந்தது. காலையில் பன்னிரண்டாவதாக ஒரு பெண், அப்பாவோடு. தலைமையாசிரியர் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பதுபோல் வாசலுக்கே ஓடினார்.

அப்பா கடைக்குப் போனதும் அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"தெரியல. அப்பா சொன்னாரு."

அக்கா முத்திரையை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "இன்னிக்கு ஒரு நாள் வகுப்புல உக்காந்து பாரு. சாயங்காலம் வந்து சொல்லு."

"அம்மா தாயே!" என்றார் தலைமையாசிரியர். "வகுப்பே போயிடும். மத்த பதினோரு பேரையும் எங்க கொண்டுபோய் விடுவே?"

"இஷ்டமில்லாம வந்தது பத்து நாள்ல ஓடிட்டா அப்ப மட்டும் வகுப்பு இருக்குமா சார்?"

சொன்னாரே தவிர, அன்று அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

மூன்றே முக்காலுக்கு அந்தப் பெண் வந்தாள், கண்கள் சிவந்து. கூட்டிப்போக வந்த அப்பா பின்னால் நின்றார்.

"கணக்கு டீச்சர் திட்டிட்டாங்க."

தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னன்னு?"

"சோம்பேறின்னு." மூக்கை உறிஞ்சினாள். "என்னை மட்டும்தான்க்கா சொன்னாங்க. அங்கன்னா 'உங்க ஆளுங்களே இப்படித்தான்'னு சொல்லுவாங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்."

அக்கா ரப்பரை எடுத்தார். பண்பாடு பொடிப்பொடியாக மேஜைமேல் உதிர்ந்தது. 'கணக்கு டீச்சர் திட்டினார். என்னை மட்டும்' என்று எழுதி முத்திரை குத்தினார். வாசலில் கல்வி அலுவலகத்து ஆள் பைக்கை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"காப்பி எடுக்கணுமா? கொடுங்கம்மா, கடைக்கு ஒரே ஓட்டமா ஓடிட்டு வந்துடறேன்" என்று அப்பா கையை நீட்டினார்.

அவர் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, பூப்போட்ட விரிப்பை உருவினார் அக்கா.