ஆவுடையான்குளத்துக் கரைமேல் வண்டித்தடம்

1911ஆம் வருஷம் அக்டோபர் 25ஆம் தேதி, புதன்கிழமை. நாலரை மணிக்கு எழுந்து குறுக்குத்துறையில் குளித்துத் திரும்பினேன். திருநீறு பூசி, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, இரண்டு இட்லி சாப்பிட்டேன். கோர்ட்டுக்குப் போகாதது ஒன்றுதான் அன்று வித்தியாசம். குமாஸ்தாவான எனக்கு மூன்று நாள் லீவு கிடைத்திருந்தது. என் தங்கை மகளுக்கு ஆண் குழந்தை பிறந்து பதினான்கு நாள். பதினாறாம் நாள் பெயர் வைக்கிறார்கள்.

தங்கை ஊரான ஆவுடையான்குளம் தூத்துக்குடிச் சாலையில் இருக்கிறது. அந்தச் சாலையை இரண்டு வருஷமாக உயர்த்தி, அகலப்படுத்தி, கல் பரப்பி வருகிறார்கள். ரயிலில் போகிறவர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏழு மணிக்குப் புறப்பட்டோம். வண்டிக்காரர் சுடலைமுத்து எனக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். பாலம் தாண்டிப் பாளையங்கோட்டை சேர எட்டேகால். ஊர் எல்லை கழிந்ததும் புதுச் சாலை தொடங்குகிறது. அகலம் பதினெட்டு அடி. ஓரங்களில் உடைத்த கல்லை அளவாகக் குவித்திருக்கிறார்கள். முன்பெல்லாம் ஐப்பசிச் சகதியில் மூன்று மணி நேரம் பிடித்த ஐந்து மைலை ஒன்றரை மணியில் கடந்துவிட்டோம். வடகிழக்கில் மட்டும் மேகம் கறுத்து நின்றது.

ஒன்பதே முக்காலுக்குச் சுங்கச்சாவடி வந்தது. சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில் தடுப்பு, பக்கத்தில் ஓலைக் கொட்டகை. இரட்டை மாட்டு வண்டிக்கு இரண்டு அணா, ஒற்றை மாட்டுக்கு ஒன்று என்று பலகையில் எழுதியிருக்கிறது. எங்களுக்கு முன்னால் பதினேழு வண்டிகள் நின்றன.

"அண்ணாச்சி, இதுல நின்னா மழை நம்மள இங்கனயே பிடிச்சிரும். குளத்துக்கரை வழியாப் போயிருவோமா?" என்றார் சுடலைமுத்து.

"அது வண்டிப் பாதையா?"

"இப்போ அதான் பாதை. பாதி வண்டி அங்கனதான் போவுது. இந்தச் சுங்கக் கேட்டுக்குத் துட்டுக் குடுக்கவும் வேண்டாம்."

அந்தக் கரைக்கு நேர் கீழேதான் என் தங்கை வீடு. அது தெரிந்தும், "சரி, பைய ஓட்டும்" என்றேன்.

கரையின் நீளம் கால் மைல் இருக்கும். இடது பக்கம் குளம் தளும்பியது. வலது பக்கம் பிசானப் பருவ நெல்லுக்கு விட்ட நாற்றும், அதற்கப்பால் வீடுகளும். கிழக்கு முனையில் வண்டிகள் இறங்கும் இடத்தில் கரை தேய்ந்து ஒரு பள்ளமாகியிருந்தது. எங்கள் சக்கரம் அதில் அச்சுவரை இறங்கிவிட்டது. நானும் இறங்கித் தள்ளினேன். வண்டி எழும்பியபோது ஒரு கூடை அளவு மண் சரிந்து குளத்தில் விழுந்தது. தடம் தண்ணீருக்கு ஒரு சாண் மேலேதான் இருந்தது.

பத்தே முக்காலுக்கு வீடு சேர்ந்தேன். குழந்தையைப் பார்த்தேன், நெற்றி எங்கள் அப்பாவுடையது. இரண்டு மணிக்கு மழை பிடித்து நான்கு மணிக்கு விட்டது. தங்கையின் கணவர் சங்கரலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனேன்.

குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேற மறுகால் என்று கல்லால் கட்டியிருக்கிறது. குடைக்காம்பை நட்டு அளந்தேன். மறுகால் கல்லின் தலை, தண்ணீருக்கு மேல் ஒன்றே முக்கால் சாண். வண்டித்தடத்திலும் அளந்தேன். முக்கால் சாண். இரண்டு இடத்திலும் மறுபடி அளந்தேன். மாறவில்லை.

சங்கரலிங்கம் குடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ மறுகால் பாயுததுக்கு முன்னாலயே இங்கன பாஞ்சிரும். பாஞ்சா கரை நிக்காது, மச்சான்."

"ஊர்ல யாரும் இதைப் பாக்கலியா?"

"யாரு பாக்க? எல்லாரு வண்டியும் இதுலதான போவுது." அவர் குனிந்து சரிவிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். "கேட்டு போட்ட மறுநாள் மண்வெட்டியால இந்தச் சரிவ வெட்டுனதே நான்தான். வாழைத்தார் ஏத்திட்டுப் போவணும்லா."

பொழுது சாய்வதற்குள் இருவருமாக எட்டுக் கூடை மண் போட்டோம். சந்தைக்குப் போய்த் திரும்பிய உள்ளூர் வண்டிகள் நான்கு அதை மிதித்துக் கரைத்துவிட்டுப் போயின. "நாளைக்குப் பாத்துக்கிடலாம் வே" என்றார் ஒரு வண்டிக்காரர்.

குழந்தையையும் தாயையும் மேட்டுத்தெருவுக்கு மாற்றிவிடலாம் என்று வீட்டில் சொன்னேன்.

"ஈரத்துல பச்சப் பிள்ளையத் தூக்கிட்டு எங்கன போவச் சொல்லுதிய?" என்றாள் தங்கை. "அளந்து பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொன்னாப் போதுமா? கரைய அடைக்க இந்த ஊருல ஆம்பளைய இல்லையா?"

இரவு முழுவதும் ஓட்டுக்கூரையில் தூறல் கேட்டுக்கொண்டே இருந்தது.

26ஆம் தேதி, வியாழக்கிழமை. காலை ஐந்தேகால். பல் துலக்கவில்லை, குளிக்கவில்லை. நேராகக் கரைக்குப் போனேன். தண்ணீர் தடத்துக்கு நான்கு விரல் கீழே நின்றது. சங்கரலிங்கம் எனக்கு முன்பே வந்து, தன் வண்டியைத் தடத்துக்குக் குறுக்கே நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றிப் போட்டிருந்தார். இரவு ஊரிலேயே தங்கிவிட்ட சுடலைமுத்து சரிவின் அடியில் மண் வெட்டிக்கொண்டிருந்தார். வேறு ஐந்து பேர் கூடையோடு வந்தார்கள்.

உப்பு மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று கிழக்கிலிருந்து ஏறி வந்து நின்றது.

"என்னவே, பாதைய மறிக்கிய?" என்றார் வண்டிக்காரர்.

"இது பாதையில்ல, குளத்துக்கரை. கேட்டு வழியாப் போம்" என்றேன்.

அவர் சரிவுக்குக் கீழே நின்ற எங்கள் வண்டியைப் பார்த்தார். சக்கரத்தில் அப்பியிருந்த மண்ணைப் பார்த்தார். "உம்ம வண்டி எந்த வழியா வந்துது அண்ணாச்சி?"

"இந்த வழியாத்தான்" என்றேன். சங்கரலிங்கத்தின் கையிலிருந்த கூடையை வாங்கி, உப்பு வண்டி மாடுகளின் காலடியில் மண்ணைக் கொட்டினேன்.