இந்தப் பக்கம் ஒண்ணியும் இல்ல

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தவளுக்கு வேலை என்று எதுவும் கிடையாது. சாப்பிடுவது, காலை நீட்டி உட்கார்வது, மறுபடி சாப்பிடுவது. என் மாமியார் வீடு வண்ணாரப்பேட்டையில் அவர்களுடைய ஜவுளிக்கடைக்கு மேல்மாடி. அங்கே கொள்ளுத்தாத்தா வரைக்கும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அவர் எந்த ரயிலில் வந்து இறங்கினார், முதல் வியாபாரத்தில் எவன் ஏமாற்றினான் என்பதெல்லாம் என் கணவருக்கு மனப்பாடம். எங்கள் குப்பத்து வீட்டுச் சுவரில் காலண்டர்தான் இருக்கிறது. இருந்த சில போட்டோக்களும் ஒரு புயலில் தண்ணீரோடு போய்விட்டன. பிறக்கப்போகிற பிள்ளைக்கு அப்பா பக்கம் பரம்பரை, அம்மா பக்கம் காலண்டர் என்று நினைக்கவே எரிச்சலாக இருந்தது. சட்டையில் மாட்டுகிற குட்டி மைக் ஒன்றை வாங்கி, என் அப்பாவின், அதாவது நைனாவின், கதையைப் பதிவு செய்ய உட்கார்ந்தேன்.

நைனா காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவர். முழங்கால் மக்கர் செய்ததால் போன வருடம்தான் கரையேறினார். டீக்கடையில் அவர் பேச ஆரம்பித்தால் கேட்கிறவன் டீ ஆறிப்போகும். ஆனால் வாழ்நாளில் அவர் மைக் பிடித்துப் பேசியது படகிலிருந்த வயர்லெஸ் செட்டில் மட்டும்தான். அதில் பேசினால் சுற்றியிருக்கும் எல்லாப் படகுக்கும் கேட்கும். மீன் கிடைக்கிறது என்று வாயைத் திறந்துவிட்டால் பாதித் துறைமுகம் அங்கே வந்து நிற்கும். அதனால் வலை கிழிய வஞ்சிரம் ஏறும்போதும் நைனா செட்டை எடுத்து, அழுகிற குரலில், "ஒண்ணியும் இல்ல மாமு. வெறும் குப்பைதான் வருது. இந்தப் பக்கம் வராதே" என்பார். எல்லா டிரைவர்களும் சொல்கிற பொய்தான். ஆனால் நைனா அளவுக்கு உருக்கமாகச் சொல்ல ஆள் இல்லை.

கரையில் அந்தக் குரலை அம்மா ஒருத்திதான் சரியாகப் பிடிப்பாள். அம்மா மீன் வியாபாரம். படகு முதலாளியின் கொட்டகையிலும் ஒரு செட் உண்டு. அதில் "ஒண்ணியும் இல்ல" என்று கேட்டதும் அம்மா யாரிடமும் மூச்சு விடாமல் போய், மீனைப் போட்டுவைக்க ஐஸுக்குச் சொல்லிவிட்டு வருவாள். அழுகை கூடினால் ஐஸும் கூடும்.

இவ்வளவும் தெரிந்தும் நான் அவர் கையில் மைக்கைக் கொடுத்தேன்.

முதல் பதிவு முழுக்க என் கேள்விகள்தான் இருந்தன, நைனாவின் பதில் ஒன்றுகூட விழவில்லை. வயர்லெஸ்ஸில் பொத்தானை அழுத்திக்கொண்டு பேசுவார்கள், விட்டுவிட்டுக் கேட்பார்கள். நைனாவும் பேசும்போதெல்லாம் குட்டி மைக்கை இரண்டு விரலால் நசுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். விரலை எடுக்கவைத்து மறுபடி ஆரம்பித்தேன்.

"புயல்ல மாட்டிக்கினியே நைனா, அத்த சொல்லு."

"லேசா காத்து அடிச்சிது. திரும்பிட்டோம்."

டீக்கடையில் இதே கதையில் அலை டோல்கேட் மெட்ரோ ஸ்டேஷன் உயரத்துக்கு வரும்.

"டீக்கடையில வேற மாரி சொல்லுவியே?"

"அங்க கேக்கறவன் மூஞ்சி தெரியும். இத்த யார் யார் கேப்பான்னு உனுக்குத் தெரியுமா?"

"உன் பேரப்புள்ளதான் கேக்கும்."

"அதான் சொல்றேன்" என்றார், அது ஏதோ எதிரிப் படகு மாதிரி.

அம்மா காலையிலிருந்தே பட்டுப்புடவையில் இருந்தாள். பட்டுப்புடவையோடு சற்றுத் தள்ளி உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதில் ஒரே ஒரு ஆசை. கல்யாணமானதிலிருந்து நைனா அவளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. கெட்டதாகவும் சொன்னதில்லை, அது வேறு. முந்தின நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னப் பத்தி இன்னா சொல்றாருன்னு கேளுடி. நீயா கேக்கற மாரி கேளு" என்று சொல்லி வைத்திருந்தாள்.

"அம்மாவக் கட்டிக்கினது பத்திச் சொல்லு நைனா" என்றேன், நானாகக் கேட்கிற மாதிரி.

நைனா மைக்கைப் பார்த்தார். பட்டுப்புடவையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"கட்டிக்கினேன். சுமாரா போய்க்கினு கீது."

இறால் உரிப்பது நின்றது. அம்மா எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கினாள். "எம் பேரப்புள்ள, நல்லா கேட்டுக்கோ. தண்டையார்பேட்டையிலேர்ந்து ஒருத்தன் என்னப் பொண்ணு பாக்க வந்தான். ரேஷன் கடையில வேலை. மூக்கு கொஞ்சம் கோணலு. ஆனா வாயத் தொறந்தா நல்ல வார்த்தை வரும். அவனையே கட்டிக்கினு இருக்கலாம்." மைக்கை என் மடியில் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மதியம் இறால் குழம்பில் இறால் எல்லாம் என் தட்டுக்கு வந்தது. நைனாவுக்குக் குழம்பு மட்டும். அவர் குழம்புக்குள் விரலால் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு வார்த்தை சொன்னா இன்னா நைனா? முத்தா உதுந்துடும்? அம்மா உள்ள அழுவுது."

"அதெல்லாம் வாயால சொல்லணுமா?" என்று முனகினார். சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, அவராகவே மைக்கை எடுத்தார். நான் அவசரமாகப் போனை அழுத்தினேன்.

குரல் மாறியது. கரையேறிய பிறகு நான் கேட்டே இராத அந்த அழுகைக் குரல்.

"மாமு, யாராச்சும் கேட்டுக்கினு கீறீங்களா? எங்க வூட்ல ஒண்ணியும் இல்ல மாமு. கட்டிக்கினதுலேர்ந்து ஒண்ணியும் இல்ல. வெறும் குப்பைதான். ரேஷன் கடைக்காரன் எவனாச்சும் இருந்தா சொல்றேன், இந்தப் பக்கம் வராதே. டீசல்தான் நஷ்டம். வராதே மாமு." கடைசி வார்த்தையை ஒப்பாரி மாதிரி இழுத்து முடித்தார்.

சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. ஏழாம் மாதத்தில் எதற்கும் வரும் என்று சொல்லிக்கொண்டேன்.

"யோவ்" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "ஐஸு எவ்ளோ சொல்லட்டும்?"

நைனா மைக்கை இன்னும் கிட்டத்தில் பிடித்தார். "கடையில கீறது பூராவும் சொல்லிடு."

ராத்திரி என் கணவர் வந்தபோது பதிவைப் போட்டுக் காட்டினேன். பாதி கேட்பதற்குள் பயந்துவிட்டார். மாமாவுக்கு உடம்பு சரியில்லையா, ஏன் இப்படி அழுகிறார், ஐஸ் எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். சட்டத்துக்குள் இருக்கிற அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்காக எவளாவது ஐஸுக்கு ஓடியிருப்பாளா என்று தெரியவில்லை.